கூடி நிற்கும் வளையங்கள்

துணிகளைப் பூச்சி அரிக்காவண்ணம் பெட்டியில் இடும் அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலீன் என்னும் பொருளால் ஆயது. அதன் மூலக்கூறில் 10 கார்பன் அணுக்கள் ஒட்டிய இரு வளையங்களாக அமைந்துள்ளன. விளிம்பில் 8 ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. இத்தகைய பல வளைய மூலக்கூறுகள் விண்வெளியிலும் உண்டு. ரிஷப மண்டலத்தின் திசையிலுள்ள குளிர்ந்த முகிலொன்றில் நாப்தலீனின் வழிப்பொருள் உள்ளமை 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

விண்மீனின் புற ஊதாக் கதிர் தாக்கி, மூலக்கூறினின்று ஓர் எலெக்ட்ரான் நீங்கினால், அது நேர்மின் அயனியாகின்றது. அதனால் மட்டும் அது சிதைவதில்லை. மேலும் ஆற்றலைப் பெறின் அயனி முழுவதும் அதிர்கின்றது. அவ்வாற்றல் அகச்சிவப்பு ஒளியாக வெளியேறிவிடின் அது பிழைக்கும். ஒரு பிணைப்பில் மிகுதியாகத் திரளின், அப்பிணைப்பு அறும்.

நாப்தலீன் அயனி ஒரு ஹைட்ரஜன் அணுவை இழக்கலாம். அன்றி, இரு கார்பன் அணுக்களைக் கொண்ட அசெட்டிலீனை இழக்கலாம். பின்னதில் வளையமே உடைகின்றது. 24 கார்பன் அணுக்களையுடைய கொரோனீன் அயனியிலோ, விளிம்பு ஹைட்ரஜன்களே முதலில் உதிர்கின்றன. கார்பன் கட்டுக்கோப்பு எஞ்சி நிற்கின்றது.

மூலக்கூறு பெரிதாகுந்தோறும் ஆற்றல் பல பிணைப்புகளிடையே பங்கிடப்படுகின்றது. ஆதலின் பெரியவை எளிதில் அழிவதில்லை. பலர் பகிர்ந்து தாங்கும் சுமை எவரையும் முறிக்காது என்னும் உண்மை அணுக்களின் உலகிலும் விளங்குகின்றது.