அடிக்கட்டையைத் துருவும் பல் ஏன் மழுங்குகிறது?

வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைத் துருவித் தள்ளும் இயந்திரத்தில், சுழலும் சக்கரத்தைச் சுற்றிப் பற்கள் இருக்கும். பல்லின் உடல் எஃகு. நுனியில் மட்டும் டங்ஸ்டன் கார்பைடு துண்டைப் பற்றவைத்திருப்பார்கள். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அது ஏறத்தாழ 9, வைரம் 10. அதுவுமா மழுங்கும்?

மழுங்கும். காரணம் மரத்தைவிட மண்தான். வேரோடு ஒட்டிய மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7. கார்பைடு துகள்களை அது எளிதில் கீறாது. ஆனால், துகள்களைப் பிணைக்கும் கோபால்ட் மென்மையானது. அது தேயத் தேய, பிடி தளர்ந்து துகள்கள் உதிர்கின்றன. கல்லில் மோதினாலோ, நுனியே சில்லாகப் பெயர்ந்துவிடும்.

இயந்திரத்தை அணைத்து, பல்லை வெளிச்சத்தில் பாருங்கள். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. மழுங்கியது வெள்ளைக் கோடாக மின்னும். சீவலுக்குப் பதில் நைந்த தூளும் புகையும் வந்தாலும் அதே அர்த்தம்தான்.

எஃகுக்கான சாம்பல் நிறச் சாணைக்கல் கார்பைடிடம் தோற்கும். வைரச் சக்கரமோ பச்சை நிற சிலிக்கான் கார்பைடு கல்லோ வேண்டும். சூடேறிய நுனியைத் தண்ணீரில் முக்காதீர்கள்: எஃகும் கார்பைடும் வேறுவேறு அளவில் சுருங்குவதால் விரிசல் விழும். நுனி உடைந்திருந்தால் சாணை வீண், பல்லையே மாற்றுங்கள். சக்கரத்தின் சமநிலை கெடாதிருக்க, எதிர்ப்பக்கப் பல்லையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

சாணையில் பறக்கும் கோபால்ட் தூள் நுரையீரலைக் கெடுக்கும். முகமூடி இல்லாமல் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.