ஹைபிரிட் பேட்டரியில் கசிவு எங்கே?

ஜப்பானில் ஓடிவிட்டு ஆக்லாந்துக்கு வந்திறங்கிய முதல் தலைமுறை டொயோட்டா அக்வாக்கள் அந்நகரின் ரானுயிப் பக்கம் சாதாரணம். பின்சீட்டுக்கு அடியில் 20 நிக்கல் மாட்யூல்கள், தலைக்கு 7.2 வோல்ட், வரிசையாகக் கோத்தால் 144. செத்த மாட்யூல்களை மாற்றி பேக்கை மாட்டிய கையோடு பி0ஏஏ6 என்ற கோடு வந்தால் பலரும் புது மாட்யூலைத்தான் சந்தேகிக்கிறார்கள். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அந்தக் கோடு மாட்யூல் வலுவிழந்ததைச் சொல்லவில்லை. உயர் வோல்டேஜ் எங்கோ பாடியில் இறங்குகிறது என்கிறது.

ஹைபிரிட் வண்டியில் உயர் வோல்டேஜின் பிளஸ், மைனஸ் இரண்டுமே பாடியோடு சேராமல் தனித்திருக்கும். ஓரிடத்தில் மட்டும் கசிந்தால் ஷாக் அடிக்காது. ஆனால் அதற்குப் பிறகு பாடியையும் வேறொரு முனையையும் சேர்த்துத் தொடுபவரின் உடம்பு வழியாகச் சுற்று முடிந்துவிடும். முதல் கசிவிலேயே வண்டி எச்சரிப்பது அதற்காகத்தான்.

கூடவே வரும் துணைக்கோடைப் பாருங்கள். 611 என்றால் ஏசி கம்ப்ரசர் பக்கம், 613 என்றால் மோட்டார்கள் இருக்கும் டிரான்ஸாக்ஸில் பக்கம். 612 வந்தால்தான் பேட்டரியை இறக்க வேண்டும். சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, 10 நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ட் தாங்கும் கையுறையோடு இறக்குங்கள்.

மேஜையில் வைத்ததும் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்காதீர்கள். பிளக்கைச் செருகினால் பேக் மீண்டும் உயிர் பெறும், கையுறையைக் கழற்றக் கூடாது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஓம்ஸில் வேண்டவே வேண்டாம். பேக் 150 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் முனைக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையே 60, பிளஸ் முனைக்கும் பெட்டிக்கும் இடையே 90. 150இல் 60 என்பது ஐந்தில் இரண்டு பங்கு. 20 மாட்யூலில் அது 8. மைனஸிலிருந்து எண்ணி, எட்டாவதும் ஒன்பதாவதும் சேரும் இடத்தைப் பாருங்கள். நல்ல பேக்கில் இரண்டு அளவுமே பூஜ்யத்தை நோக்கி இறங்கிவிடும். கசிவு இரண்டு இடத்தில் இருந்தால் கணக்கு நடுவில் எதையோ காட்டி ஏமாற்றும் என்பதையும் மறக்காதீர்கள்.

அந்த இடத்தில் என்ன இருக்கும்? மூடி மாட்டும்போது நசுங்கிய சென்சார் வயராக இருக்கலாம். என் பார்வையில் முதலில் தேட வேண்டியது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. மாட்யூல்களை இறுக்கிக் கட்டாமல் சார்ஜ் ஏற்றினால் அவை உப்பும். அளவு மீறினால் உள்ளே இருக்கும் இந்தக் காரநீரை வெளியே தள்ளும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் சும்மா கிடந்த படலம், ஆக்லாந்தின் குளிர்காலக் காலையில் மின்சாரம் கடத்தத் தொடங்கிவிடும். 2023 ஜனவரி 27 வெள்ளத்தில் ரானுயியிலும் தண்ணீர் புகுந்தது. அப்படி நீரில் நின்ற வண்டியென்றால் பெட்டியின் அடித்தட்டையும் பாருங்கள்.

பிளக்கை மறுபடி கழற்றிவிட்டு, அந்தக் காரப் படலத்தை நீர்த்த வினிகரால் துடையுங்கள். பின் காய்ச்சி வடித்த நீரால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். அதே மாட்யூலில் மீண்டும் ஈரம் கசிந்தால் அதை மாற்றுவது தவிர வழியில்லை. மூடியை முடுக்குவதற்கு முன் ஒருமுறையும், முடுக்கிய பின் ஒருமுறையும் பிளக்கைச் செருகி அந்த இரண்டு அளவையும் எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றியபின் வண்டியில் ஏற்றுங்கள்.