தாத்தா பாட்டிக்கு முடியவில்லை என்ற செய்தி வரும்போது

இரவு பத்து மணிக்கு மேல் ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பை நாம் யாருமே விரும்புவதில்லை. “தாத்தாவுக்கு ரொம்ப முடியல. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ” என்று அத்தையோ சித்தப்பாவோ சொல்கிறார்கள். சொல்லி முடிப்பதற்குள் நம் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. விடுப்புக் கிடைக்குமா? பிள்ளைகளுக்குத் தேர்வு எப்போது? ரயிலில் இடம் இருக்குமா? இந்த ஞாயிறு வேண்டாம், அடுத்த ஞாயிறு போகலாம் என்று ஒரு முடிவுக்கு வந்து, கொஞ்சம் பணத்தை அனுப்பிவிட்டுப் படுத்துவிடுகிறோம்.

இதே செய்தி விவிலியத்தில் ஒருவருக்கு வருகிறது. தொடக்க நூல் 48ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். யோசேப்பு எகிப்து நாட்டில் பார்வோனுக்கு அடுத்த நிலையில் இருப்பவர். தந்தை யாக்கோபு கோசேன் பகுதியில் வாழ்கிறார். தந்தைக்கு உடல்நலமில்லை என்று யோசேப்புக்குச் சொல்லப்படுகிறது. அவரிடம் மருத்துவர்கள் பணியில் இருந்தார்கள் என்று 50ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்களை அனுப்பிவிட்டு அலுவலைக் கவனித்திருக்கலாம். ஆனால் தம் பிள்ளைகள் மனாசே, எப்ராயிம் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு அவரே புறப்படுகிறார்.

இந்த இருவரையும் சிறுவர்களாகவே நாம் கற்பனை செய்கிறோம். ஆனால் பஞ்சம் வரும் முன்பே பிறந்தவர்கள் அவர்கள். யாக்கோபு எகிப்துக்கு வந்தபிறகு 17 ஆண்டுகள் வாழ்ந்தார். அப்படியென்றால் இருவருக்கும் ஏறக்குறைய இருபது வயது. நம் வீடுகளில் “எனக்கு வேலை இருக்கு, நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லும் அதே வயது.

மகன் வந்திருக்கிறான் என்று கேட்டதும் யாக்கோபு தம் வலிமையெல்லாம் திரட்டிக் கட்டிலில் எழுந்து உட்காருகிறார். பழைய கதைகளைப் பேசுகிறார். எப்போதோ வழியில் இறந்துபோன மனைவி ராகேலை நினைக்கிறார். பேரன்மார் இருவரையும் பெயர் சொல்லிப் பேசிவிட்டு, சற்று நேரத்தில் அவர்களையே பார்த்து இவர்கள் யார் என்று கேட்கிறார்! முதுமையால் கண் மங்கியிருந்தது என்று விவிலியம் காரணமும் சொல்கிறது. “இப்பத்தானே சொன்னேன், அதுக்குள்ள மறந்துட்டீங்களா?” என்று யோசேப்பு அலுத்துக்கொள்ளவில்லை. இவர்கள் கடவுள் எனக்கு இங்கே தந்த பிள்ளைகள் என்று பொறுமையாகப் பதில் சொல்கிறார். முதியவர் பேரன்மாரை அணைத்து முத்தமிடுகிறார்.

பிறகு கைகளைக் குறுக்காக மாற்றி, இளையவன்மேல் வலக்கையை வைத்து ஆசி வழங்குகிறார். யோசேப்புக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவுக்குத் தடுமாற்றம் என்று நினைத்துக் கையை எடுத்து மாற்றப் பார்க்கிறார். யாக்கோபு மறுத்துவிடுகிறார். தெரிந்தேதான் அவர் அப்படிச் செய்தார். நோயில் கிடக்கும் முதியவருக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் முடிவு கட்டிவிடும்போதெல்லாம் இந்தக் காட்சியை நினைத்துக்கொள்வது நல்லது.

நாம் போகும்போது என்ன செய்கிறோம்? கட்டிலைச் சுற்றி நின்று, அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் ஆஸ்பத்திரிச் செலவையும் வீட்டுப் பங்கையும் பேசுகிறோம். 2020-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, இறுதி மணிநேரங்களில் அசைவற்றுக் கிடந்த நோயாளிகள் சிலருடைய மூளை ஒலிக்குப் பதில் காட்டியதைக் கண்டறிந்தது. அவர்கள் எவ்வளவு புரிந்துகொண்டார்கள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அருகில் அமர்ந்து, “தாத்தா, நான் உங்க பெரிய மகளோட மகன் வந்திருக்கேன்” என்று நிதானமாகச் சொல்ல இது போதுமான காரணம். அடையாளம் தெரிகிறதா என்று பரீட்சை வைக்க வேண்டாம். நாமே சொல்லிவிடுவோம். இன்னொன்று, தொலைவிலிருந்து வந்த பாசத்தில் வாயில் எதையாவது ஊட்டப் பார்க்கிறோம். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும். பார்த்துக்கொள்கிறவரைக் கேட்காமல் ஒரு கரண்டி பால்கூடக் கொடுக்கக் கூடாது.

பயணத்திற்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதில் தவறியவர்கள் நாங்கள் என்பதால் எழுதுகிறோம்.

எங்கள் ஆச்சி படுக்கையில் விழுந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பங்குத்தந்தையை அழைப்போமா என்று பேச்சு வந்தபோது, “சாமியார் வந்தா ஆச்சி பயந்துடுவாங்க, முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சுக்குவாங்க” என்று நாங்களே தொலைபேசியில் தடுத்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நினைவு தப்பியிருந்தது. அருட்தந்தை வந்தார், எங்களைக் கடிந்துகொள்ளாமல் நோயில்பூசுதல் கொடுத்தார். நற்கருணை வாங்கும் நிலையில் ஆச்சி இல்லை. அடக்கமெல்லாம் முடிந்தபின், ஆச்சியைக் கவனித்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: “சாமி எப்ப வருவாருன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. நீங்கதான் வேண்டாம்னு சொன்னீங்களாமே?” பயந்தது ஆச்சி அல்ல, நாங்கள்தான்.

‘அவஸ்தை பூசுதல்’ என்ற பழைய பெயர் இந்தப் பயத்திற்கு ஒரு காரணம். சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய அருளடையாளம் அல்ல இது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாடு பற்றிய ஏட்டின் 73ஆம் எண்ணில் தெளிவாக்கியது. நோயினாலோ முதுமையினாலோ ஒருவருக்கு ஆபத்து தொடங்கும்போதே அதற்கு ஏற்ற நேரம் வந்துவிட்டது. நோய் மோசமானால் மறுபடியும் பெறலாம். நினைவிழந்தவருக்கும், நினைவோடு இருந்தபோது மறைமுகமாகவேனும் விரும்பியிருந்தால், கொடுக்கலாம். அதனால்தான் எங்கள் ஆச்சிக்கும் கிடைத்தது. ஆனால் நினைவோடு இருக்கும்போது ஒப்புரவு செய்து, செபத்திற்கு ‘ஆமென்’ சொல்லி, நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசப்படுவதை உணர்ந்து, நற்கருணையையும் பெறுவது வேறு. ஏற்ற காலத்தில் இது கிடைக்கச் செய்யும் பொறுப்பை ஆன்ம மேய்ப்பர்களுக்கு மட்டுமல்ல, உறவினர்களுக்கும் சேர்த்தே தருகிறது திருச்சபைச் சட்டம் 1001. அதாவது நமக்கு.

“காலையிலேயே கஞ்சி குடிச்சுட்டாங்களே” என்று தயங்கவும் வேண்டியதில்லை. முதியோருக்கும் நோயாளருக்கும், ஏன், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும்கூட, நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பு கட்டாயமில்லை. அப்பத்தை விழுங்க முடியாதவருக்குத் திரு இரத்தத்தை மட்டும் கொடுக்கவும் சட்டம் 925 இடம் தருகிறது. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொன்னால் ஏற்பாடு செய்வார்.

எனவே பயணச்சீட்டு எடுக்கும்போதே ஊர்ப் பங்குத்தந்தைக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு. நாம் போய்ச் சேரும்வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை. சீட்டைப் பொறுத்தவரை, ரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் தட்கல் திறக்கிறது. 2025 ஜூலை முதல் இணையத்தில் அதை எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அவசரத்தில் இதற்காகத் தடுமாறியவர்கள் பலர். வெளிநாட்டில் இருந்து வர முடியாதவர்கள், வீட்டில் ஒருவரைக் கைபேசியை முதியவரின் காதருகே பிடிக்கச் சொல்லிப் பேசலாம். நேரில் வந்தது போலாகாது, ஆனாலும் பேசலாம்.

2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிற்றை தாத்தா பாட்டிகள் மற்றும் முதியோர் உலக நாளாக ஏற்படுத்தினார். இயேசுவின் பாட்டனார் பாட்டியாகிய புனிதர்கள் சுவக்கின், அன்னா திருநாளான ஜூலை 26-ஐ ஒட்டி அது வருகிறது. பல பங்குகளில் அன்று முதியோருக்குச் சால்வை போர்த்துகிறோம். படுக்கையில் கிடப்பவர்கள் கோவிலுக்கு வர முடியாது. அவர்களிடம் நாம்தான் போக வேண்டும்.

விடைபெறும் நேரம்தான் நமக்குக் கடினம். என்ன சொல்வது என்று தெரியாமல், “வர்றேன் ஆச்சி” என்று அவசரமாக வெளியே வந்துவிடுகிறோம். நம் வீடுகளில் பெரியவர்கள் பெருவிரலால் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பும் வழக்கம் உண்டு. அதைக் கேட்டு வாங்குவோம். பிள்ளைகளையும் கட்டில் அருகே குனியச் சொல்வோம். கையைத் தூக்க முடியாதவர் என்றால், அந்தக் கையை நாமே மெல்ல எடுத்து, பிள்ளையின் நெற்றியில் வைத்து, சற்று நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கலாம்.