உறுதியில் இருப்பது உங்கள் பெயர்

1990 ஜூனில் மயிலிட்டியை விட்டு ஓடிய குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு 2017 ஜூலையிலேயே ஊர் மண்ணை மிதிக்கக் கிடைத்தது. மீன்பிடித் துறைமுகமும் அதை அண்டிய சில காணிகளும் அப்போது விடுவிக்கப்பட்டன. சிறுமிகளாகப் போனவர்கள் பிள்ளைகளோடு திரும்பினார்கள். 27 ஆண்டுகளில் வீடுகள் இடிந்து, வேலிகள் அழிந்து, பற்றை மூடியிருந்தது. எது யாருடைய வளவு என்பதே கேள்வியானது.

சகோதரிகளே, யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்கே சீதனமாக எழுதப்படும். ஆகவே எல்லை காட்டும் நாளில் தமையனையோ மருமகனையோ மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டாம். கிணறு எங்கே, படலை எங்கே என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். உறுதி இலக்கமும் திகதியும், எழுதிய நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது சுலபம். வேலி அடைக்குமுன் அயலவர்களையும் வைத்துக்கொண்டு நில அளவையாளரைக் கொண்டு அளப்பியுங்கள். அயலவர் இன்னும் வரவில்லையென்றால் அவர்களுக்குச் சொல்லியனுப்புங்கள். அவர்களும் உங்களைப் போல் அலைந்தவர்களே.

பற்றை வெட்டும்போது இனந்தெரியாத இரும்புப் பொருள் கண்டால் தொடாதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

வேறு ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது வெறும் பற்றைக்காணியாகத் தோன்றலாம். கையோடு கூட்டிச் சென்று எல்லைகளைக் காட்டுங்கள். நாளை அதைக் காக்கப் போகிறவர்கள் அவர்களே.