ஊரைச் சுற்றிச் செல்லும் சாலை

புணே நகரின் ஔந்த் பகுதியிலிருந்து பாணேர் வழியாக மேற்கே சில கிலோமீட்டர் சென்றால், மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலை குறுக்கிடும். தேசிய நெடுஞ்சாலை 48 என்பது அதன் இன்றைய பெயர். தில்லியில் தொடங்கும் அச்சாலை மும்பை, புணே, பெங்களூரு, கிருஷ்ணகிரி, வேலூர், காஞ்சிபுரம் ஆகிய ஊர்களின் வழியாகச் சென்னையை அடைகிறது. தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய லாரிகள் இரவும் பகலும் அதில் செல்வதைக் காணலாம்.

முற்காலத்தில் இந்நெடுஞ்சாலை நிக்டி, பிம்ப்ரி, தாபோடி, சிவாஜிநகர், ஸ்வார்கேட் என நகரின் நடுவே சென்று காத்ரஜ் கணவாயை அடைந்தது. மும்பையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் லாரி புணேயில் ஒரு மூட்டையைக்கூட இறக்காது. ஆயினும் பள்ளிகளையும் சந்தைகளையும் கடந்தே அது செல்ல வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்றவே, தேஹு ரோடு முதல் காத்ரஜ் வரை நகருக்கு மேற்கே புறவழிச்சாலை அமைக்கப்பட்டது. புறம் என்பது வெளிப்பக்கம். ஊருக்குள் நுழையாமல் அதன் வெளிப்பக்கமாகச் செல்லும் வழி புறவழி.

சிற்றூர்களில் இத்தேவை இன்னும் கடுமையானது. புணேயிலிருந்து நாசிக் செல்லும் வழியில் ராஜ்குருநகர், மஞ்சர், நாராயண்காவ் ஆகிய ஊர்கள் உள்ளன. அங்கெல்லாம் நெடுஞ்சாலையே கடைத்தெருவாகவும் இருந்தது. நாராயண்காவ் தக்காளிச் சந்தைக்குப் பெயர்பெற்றது. சந்தைக்கு வரும் உழவர்களின் வண்டிகளும் நாசிக் நோக்கி விரையும் கனரக ஊர்திகளும் ஒரே தெருவில் நெருக்கியடித்தன. இன்று இவ்வூர்களுக்குப் புறவழிச்சாலைகள் உள்ளன. தெரு அமைதியடைந்தால் மகிழ்வோர் பலர். வழிப்போக்கரை நம்பித் தேநீர்க்கடை நடத்துவோருக்கோ பிழைப்பு குறையும். அவர்களின் வருத்தத்தையும் திட்டமிடுவோர் கேட்டாக வேண்டும்.

திட்டமிடுதல் எண்ணிக்கையில் தொடங்குகிறது. சாலையோரத்தில் அமர்ந்து, பல நாள்கள் இரவு பகலாக ஊர்திகளை வகைவகையாக எண்ணுவர். எல்லா ஊர்தியும் ஒன்றல்ல. இந்தியச் சாலைப் பேரவையின் கணக்கில் கார் 1 என்றால் இருசக்கர ஊர்தி 0.5, லாரி 3. மெதுவாகச் சென்று வழியை அடைக்கும் பெரிய மாட்டுவண்டிக்கோ 8! அடுத்து, ஊர்திகளை நிறுத்தி, 'எங்கிருந்து வருகிறீர்கள்? எங்கே போகிறீர்கள்?' என்று ஓட்டுநர்களிடம் கேட்பர். எளிய கேள்விகளே, ஆயினும் திட்டத்தின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. பெரும்பாலான லாரிகள் அவ்வூருக்கே வருவனவாயின் புறவழிச்சாலையால் பயன் மிகுதியாக இராது. கடந்து செல்வன மிகுதியாயின் மட்டுமே அது தேவை.

கனரக ஊர்திகளைத் தனியே கருதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சக்கர அச்சின் மீதுள்ள சுமை இருமடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் இருமடங்காவதில்லை. ஏறத்தாழ 16 மடங்காகிறது. ஊர்த்தெருவின் மெல்லிய தார்ப்பரப்பு அதைத் தாங்காது.

பின்னர் வழித்தடம் வரையப்படும். வீடுகள், கிணறுகள், கால்வாய்கள், கோயில்கள் ஆகியவற்றை இயன்றவரை விலக்க வேண்டும். வளைவும் சரிவும் சுமையேற்றிய லாரிக்கு ஏற்றனவாக இருத்தல் வேண்டும். புணேயின் புறவழிச்சாலையிலேயே இதற்குக் கசப்பான சான்று உண்டு. காத்ரஜ் புதிய சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை சாலை நெடுந்தொலைவு சரிந்து இறங்குகிறது. அங்கே விபத்துகள் பல நேர்ந்தன. 2022 நவம்பர் 20 அன்று, ஒரு கனரக ஊர்தி கட்டுப்பாட்டை இழந்து மோதியதில் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்திகள் சிதைந்தன.

இப்புறவழிச்சாலை இன்று ஊருக்குப் புறத்தே இல்லை என்பதையும் கருத வேண்டும். சாலை வந்ததும் நிலத்தின் விலை உயர்ந்தது. வயல்களாக இருந்த பாணேர், பாலேவாடி, வாகட், பாவ்தன் பகுதிகளில் அடுக்குமாடிகள் எழுந்தன. ஊரை விலக்கிச் சென்ற சாலையை ஊர் தேடி வந்து சூழ்ந்துகொண்டது. சாந்தனி சௌக் சந்திப்பில் நெரிசல் தாங்காமல், 2022 அக்டோபர் 2 அதிகாலையில் பழைய பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். புதிய மேம்பாலங்கள் 2023 ஆகஸ்ட் 12 அன்று திறக்கப்பட்டன. இப்போது மகாராட்டிர மாநிலச் சாலை வளர்ச்சிக் கழகம், இன்னும் வெளியே பெரியதொரு வட்டச்சாலையை அமைக்க முனைந்துள்ளது.

அவ்வட்டச்சாலைக்கு 110 மீட்டர் அகல நிலம் வேண்டும் எனத் திட்டமிடப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் 11 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 27 ஏக்கர். புறவழிச்சாலையின் செலவில் பெரும்பங்கு தாருக்கும் கருங்கல்லுக்கும் ஆவதென்று பலர் எண்ணுவர். நகரை அடுத்த இடங்களில் நிலத்துக்கே பெருந்தொகை ஆகிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, நாட்டுப்புற நிலத்தின் சந்தை மதிப்பை இரு மடங்கு வரை உயர்த்திக் கணக்கிடலாம். அதற்கு ஈடான தொகையை ஆறுதல் தொகையாகவும் சேர்த்துத் தர வேண்டும். ஆக, நான்கு மடங்கு வரை கிடைக்கக்கூடும். எனினும் பணத்தைப் பெற்ற உழவர் அதே ஊரில் அதே அளவு நிலம் வாங்க முடிவதில்லை. சாலையால் சுற்றியுள்ள விலையும் ஏறிவிடுகிறது. வயலின் நடுவே சாலை செல்லுமாயின், கிணறு ஒருபுறமும் பயிர் மறுபுறமுமாகப் பிரிவதும் உண்டு.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? மைய அரசு பெட்ரோலிலும் டீசலிலும் சாலைக்கெனத் தனித்தீர்வை பெறுகிறது. சில சாலைகளுக்குச் சுங்கம் வாங்கப்படுகிறது. முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று மக்கள் போற்றினர். இன்றைய நெடுஞ்சாலைக்கோ சுங்கத்தைத் தவிர்ப்பது எளிதன்று. கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் வில்லையே அதைக் கழித்துக்கொள்கிறது. கலப்பு ஆண்டுத்தொகை முறை என்றொரு வழியும் உண்டு. அதில் கட்டும்போதே அரசு 40 விழுக்காட்டைத் தரும். எஞ்சிய 60 விழுக்காட்டைக் கட்டுநர் திரட்டிச் செலவிடுவார்; அரசு அதைப் பெரும்பாலும் 15 ஆண்டுகளில் தவணைகளாகத் திருப்பித் தரும். இன்று பள்ளியில் பயிலும் மாணவர் வேலைக்குச் சென்று வரி செலுத்தும் காலத்திலும், அச்சாலைக்கான தவணை தொடர்ந்துகொண்டிருக்கும்.