லேத்துக்கு இன்னொரு வேஷம்!

யுகுலேலி பார்த்திருப்பீர்கள். நாலே நாலு தந்தி, கைக்குழந்தை சைஸில் ஒரு கிட்டார். அதன் மேல்பலகை எவ்வளவு கனம் தெரியுமா? சுமார் 2 மில்லிமீட்டர்! இதை இழைப்புளியில் இழைத்தால் ரேகை முரண்டும் இடத்தில் சில்லுச் சில்லாகப் பெயரும். பிளேனர் மெஷினில் விட்டாலோ, பலகையே மிஞ்சுமா என்பது சந்தேகம். தேய்த்துத்தான் மெலிதாக்க வேண்டும். அதற்கென்றே, எமரி சுற்றிய உருளை சுழன்று தேய்க்கும் டிரம் சாண்டர் இருக்கிறது. விலையைக் கேட்டால் தந்தி இல்லாமலே தலைக்குள் ரீங்காரம் கிளம்பும்.

சின்னப் பட்டறைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மூலையில் நிற்கும் கடைசல் லேத்துக்கே டிரம் சாண்டர் வேஷம் கட்டிவிடுகிறார்கள். வாருங்கள், ஒப்பனை அறைக்குள் எட்டிப் பார்ப்போம்!

முதலில் உருளை. எம்டிஎஃப் பலகையை 4 அங்குலத்துக்குச் சற்றே பெரிய வட்டங்களாக அறுத்து, இரும்பு ராடில் கோத்து, பசை தடவி இறுக்குகிறார்கள். ஒரு முனையை ஹெட்ஸ்டாக் சக் கவ்விக்கொள்ள, மறுமுனைக்கு டெயில்ஸ்டாக் முட்டுக் கொடுக்கிறது. சுவிட்சைப் போட்டால்... அம்மாடி, என்ன ஆட்டம்! ஆடட்டும். அப்படியே உளியை வைத்து 4 அங்குலத்துக்குக் கடைந்துவிட வேண்டியதுதான். எந்த அச்சில் வேலை செய்யப்போகிறதோ, அதே அச்சிலேயே உருளை உருவாகிறது. கழற்றாதவரை கோணல் வர வழியே இல்லை. தனக்கு வேண்டிய உறுப்பைத் தானே செய்துகொள்ளும் மெஷின் வேறெது?

அதன்மேல் துணி ஒட்டிய எமரி ரோலை, சைக்கிள் ஹேண்டில்பாரில் டேப் சுற்றுவதுபோல் சாய்வாகச் சுற்றுகிறார்கள். 4 அங்குல உருளைக்குச் சுற்றளவு சுமார் 12½ அங்குலம். முனையின் சாய்வு வெட்டும் அதே நீளத்தில் இருந்தால் ஓரம் விளிம்போடு ஒட்டி உட்காரும்.

உருளைக்குக் கீழே ஒரு மேஜை; இரண்டுக்கும் நடுவில்தான் பலகை போகும். ஓர் ஓரத்தில் கீல், எதிர் ஓரத்தில் எம்10 போல்ட். போல்ட் ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும், உருளை கீலுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருப்பதால் அங்கே மேஜை ஏறுவது அதில் பாதிதான். கால் சுற்றுக்கு 0.2 மி.மீ.கூடத் தேறாது! ஹார்டுவேர் கடைப் போல்ட் செய்யும் நாசூக்கைப் பாருங்கள்! மேஜை கொஞ்சம் சாய்ந்தால் பலகையும் சாய்வாகத் தேயுமே என்று பதற வேண்டாம். உருளை தொடுவது ஒரே கோட்டில்; கனம் மாறாது. பேராசைப்பட்டு ஆழமாகக் கொடுத்தால்தான் வம்பு, மரம் கருகிவிடும்.

(இந்த வேஷ மாற்றம் பழைய ஆட்டம்தான். 1947-இல் அமெரிக்காவில் வந்த ஷாப்ஸ்மித், ஒரே மோட்டாரில் லேத், ரம்பம், துளைப்பான், வட்டத் தேய்ப்பான் என்று எல்லாப் பாத்திரமும் ஏற்றது.)

இனிமேல்தான் வேடிக்கை. லேத் சுழலும்போது மேல்பக்கம் நம்மை நோக்கி வரும். அடிப்பக்கம் நம்மைவிட்டு ஓடும். வழக்கம்போல் முன்னால் நின்று பலகையைச் செருகினால், வெடுக்கென்று பிடுங்கி எதிர்ச்சுவரில் எறிந்துவிடும்! பலகை எப்போதும் சுழற்சிக்கு எதிராகவே போக வேண்டும். ஆகவே லேத்துக்குப் பின்பக்கம் போய் நின்றுதான் ஊட்ட வேண்டும். முதல்முறை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும்.

செய்து பார்க்கத் துடிக்கிறதா? தாராளமாக! விரலுக்குப் பதில் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். மரத்தூளைப் புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே அறிவித்துவிட்டது. உருளைக்கு மூடி போட்டு, வேக்குவம் குழாயைச் செருகி, முகமூடி மாட்டிக்கொண்ட பிறகே சுவிட்சைத் தொடுங்கள்.