சிறுகச் சிறுக வீட்டிற்கு வண்ணம் பூசுவோம்

“சிறு துளி பெருவெள்ளம்” என்பது நம் முன்னோர் வாக்கு. இதன் பொருளை நான் ஏட்டில் படித்தது ஆறாம் வகுப்பில், உணர்ந்ததோ இவ்வாண்டில்தான். உணர்த்திய ஆசிரியர்கள் எங்கள் வீட்டுச் சுவர்கள்!

இரண்டு ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவை முன்னிட்டு, வீடு முழுவதற்கும் ஒரே வாரத்தில் வண்ணம் பூச முனைந்தோம். அது டிசம்பர் மாதம். வெளியே மழை; உள்ளே எல்லா அறைகளின் சாமான்களும் கூடத்தின் நடுவே மலைபோல் குவிந்து கிடந்தன. தூசியும் வாடையும் தாங்காமல் பாட்டிக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. வேறு வழியின்றி அவரை அத்தை வீட்டிற்கு அனுப்பினோம். ஈரத்தில் பூச்சு காயவில்லை, வேலையும் முடியவில்லை. அவ்வாண்டு நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியபோது, குடிலின் முன் அமர்ந்து செபமாலை சொல்லப் பாட்டி இல்லை. அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பூச்சும் செதில் செதிலாக உரிந்துவிட்டது.

ஆகவே இவ்வாண்டு மீண்டும் பேச்செடுத்தபோது, அம்மா ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்கள்: “யாரையும் வீட்டை விட்டு அனுப்பாமல் வேலை நடக்க வேண்டும்.” ஒரு சமயத்தில் ஓர் அறை மட்டும் என்னும் முறை இப்படித்தான் பிறந்தது.

முதலில் காலத்தைத் தேர்ந்தோம். நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குமுன் முடிப்பதற்காக ஜூலை முதல் வாரத்தில் தொடங்கினோம். ஐந்து அறைகள், அறைக்கு இரண்டு வாரம். ஒரு சனிக்கிழமை சுரண்டிப் பட்டி பார்ப்பது, வார நாட்களில் காயவிட்டு அடிப்பூச்சு, அடுத்த சனிக்கிழமை வண்ணம். ஞாயிறு திருப்பலிக்கும் ஓய்வுக்கும் உரியது. நாம் ஓய்வெடுக்கும் நாளில் சுவரும் காய்கிறது அல்லவா!

எந்த அறையில் தொடங்குவது? கூடத்தில் தொடங்க எனக்கு ஆசை. “கை பழகாத வேலையை ஊர் பார்க்கும் இடத்திலா செய்வது?” என்றார் அப்பா. எனவே சாமான் அறை முதல். பிறகு சமையலறை, படுக்கையறை, கூடம். இறுதியில் பாட்டியின் அறை. கூடம் முடிந்து இரண்டு வாரம் காற்றாடி வாடை நீங்கிய பின்பே பாட்டி அங்கு மாறிப் படுக்க, அவரது அறையைத் தொடுவது என்பது எங்கள் திட்டம்.

அடுத்து கணக்கு. பள்ளியில் படிக்கும் பரப்பளவுக் கணக்கு எதற்குப் பயன்படும் என்று கேட்கும் தோழியருக்கு இதோ விடை. பாட்டியின் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. ஆகவே பரப்பு 440 சதுர அடி. இதில் கதவு 21 சதுர அடி, இரண்டு சன்னல்கள் 32 சதுர அடி. இவற்றைக் கழித்தால் 387. இரண்டு முறை பூசுவதால் 774 சதுர அடி. ஒரு லிட்டர் எவ்வளவு பரப்பிற்கு வரும் என்பது வண்ண டப்பாவின் மேலேயே இருக்கும். வகுத்துப் பார்த்து, ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே சமயத்தில் வாங்கிவிட வேண்டும். வெவ்வேறு முறை கலந்த டப்பாக்களில் நிறம் சற்று மாறக்கூடும். நிறத்தின் எண்ணை நோட்டில் குறித்து வைத்தால் பின்னால் ஒட்டுப்போட உதவும்.

இனி வேலையின் வரிசையைக் காண்போம். முதலில் உரியும் பழைய பூச்சைச் சுரண்ட வேண்டும். கையால் தடவினால் சுண்ணாம்பு மாவாக ஒட்டும் சுவரில் புதுப் பூச்சு நிற்காது. அதை நன்கு தேய்த்துத் துடைத்து, அடிப்பூச்சு கொடுத்த பின்பே வண்ணம் பூச வேண்டும். விரிசல்களைப் பட்டியால் அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சமையலறையில் படிந்திருக்கும் எண்ணெய்ப் புகையைச் சோப்பு நீரால் கழுவ வேண்டும். பின்னர் மேல்தளம், சுவர், கதவு சன்னல் என மேலிருந்து கீழாக வர வேண்டும். அப்போதுதான் சிந்தும் துளிகள் முடிந்த வேலையைக் கெடுக்காது. ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலையிலிருந்து மூலைவரை நிறுத்தாமல் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் காய்ந்த விளிம்பு கோடாகத் தெரியும். அதாவது, வேலையைப் பிரிக்கலாம். ஆனால் பிரிக்கும் இடம் மூலையாக இருக்க வேண்டும்.

பழைய கதவுகளைத் தேய்க்கும்போது மிகுந்த கவனம் தேவை. முற்காலத்து எனாமல் பூச்சுகளில் ஈயம் இருந்திருக்கலாம். அதன் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016ஆம் ஆண்டில் விதி வகுத்தது. ஆகவே பழைய பூச்சை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும்; தம்பி தங்கையரை அருகில் விடக் கூடாது.

இவ்வளவும் தெரிந்தும் நாங்கள் ஒரு தவறு செய்தோம். சமையலறையில் தொட்டிக்கு மேல் கையகலம் ஓதம் இருந்தது. “காய்ந்துவிட்டது” என்று நானே சொல்லி, அவசரப்பட்டு அதன்மேல் பூசினேன். பத்தே நாளில் அவ்விடம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே குழாய்க் கசிவு! ஓதத்தை அறிய எளிய வழி உண்டு. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு புறமும் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்து, தாளின் சுவர்ப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது என்று பொருள். இதை முன்பே செய்திருந்தால் ஒரு வாரம் வீணாகியிராது. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும்: ஓர் அறையாகச் செய்ததால் ஓர் அறையோடு தவறு நின்றது. முன்போல் வீடு முழுவதும் ஒன்றாகச் செய்திருந்தால்?

சாமான் அறைக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் சேர்த்தால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். இதைப் பெரியவர்களே செய்ய வேண்டும். கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. சுவரில் பூசியதும் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. அடிக்கும்போது மங்கலாகத் தெரிந்து, காயக் காய வெளுப்பதைக் கண்டு வியந்தேன். தடிமனாக ஒரு முறை அடித்தால் உரியும்; மெல்லியதாகப் பல முறை அடித்தால் நிற்கும்.

இதே சுண்ணாம்பின் குணத்தைக் கொண்டுதான் உலகப் புகழ்பெற்ற ஒரு திருப்பணி நடந்தது. திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸின் விருப்பப்படி, வத்திக்கானிலுள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தின் மேல்தளத்தில் மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை ஓவியம் தீட்டினார். ஈரமான சுண்ணாம்புச் சாந்தின்மேல் தீட்டினால்தான் நிறம் கல்லோடு கல்லாகப் பிடிக்கும். எனவே ஒரு நாளில் தீட்டக்கூடிய அளவுக்கு மட்டும் சாந்து பூசி, அதை முடித்து, மறுநாள் அடுத்த பகுதிக்குச் சென்றார். அந்த ஒரு நாள் பகுதிக்கு இத்தாலிய மொழியில் ‘ஜோர்னாத்தா’ என்று பெயர். தொடக்கத்தில் பெருவெள்ளக் காட்சியை முடித்தபோது, சாந்தில் ஈரம் மிகுந்து பூசணம் பூத்ததாம். எங்கள் சமையலறைச் சுவர் நினைவுக்கு வர, எனக்குச் சற்று ஆறுதலாயிற்று!

செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் பாட்டியின் அறையும் முடிந்தது. கதவுக்கு எனாமல் அடித்த நாளில் அவர் பகல் முழுவதும் கொல்லையில் வேப்பமர நிழலில் அமர்ந்திருந்தார். இரவில் கூடத்தில் உறங்கினார். ஒருநாள்கூட மூச்சிரைப்பு வரவில்லை. சில நாட்கள் கழித்துத் தம் அறைக்குத் திரும்பிய பாட்டி, சுவரைக் கையால் தடவிப் பார்த்து, “இந்த வருஷம் குடிலை நான்தான் ஜோடிப்பேன்” என்றார்.

அன்புத் தோழியரே! உலகைப் படைத்த இறைவனும் நாள்தோறும் படிப்படியாக ஆறு நாட்களில் படைத்தார் என்று தொடக்கநூல் கூறுகிறது. பொதுத்தேர்வை நோக்கி நிற்கும் நமக்கு முன் எத்தனையோ பாடங்கள் மலைபோல் தெரிகின்றன. மலையைப் பார்த்து மலைக்காமல், இன்றைய சுவரை இன்று மூலைவரை முடிப்போம். நாளைய சுவருக்கு நாளை வரும்.